பிரையெஸ் ஏரியிலிருந்து விடுதிக்கு விடுதி மலைநடை: பாளையங்கோட்டையிலிருந்து நால்வர் போகும் திட்டத்துக்குத் திருத்தம் வேண்டுகிறேன்

பொருநைக்கரையான் (பாளையங்கோட்டை):

அனைவருக்கும் வணக்கம். இத்தாலியின் வடகிழக்கில் டோலமைட் மலைகளினூடே வடக்கிலிருந்து தெற்காகச் செல்லும் ஆல்ட்டா வியா 1 என்ற பாதையை வரும் ஆகஸ்டு இரண்டாம் வாரத்தில் முழுமையாக நடந்து முடிக்க எண்ணியிருக்கிறோம். பிரையெஸ் ஏரிக்கரையில் தொடங்கி பெல்லூனோ ஊருக்கு அருகில் முடியும் இப்பாதை ஏறத்தாழ 120 கிலோமீட்டர் நீளமுடையது. வழக்கமாகப் பத்துப் பதினோரு நாளில் நடக்கிறார்கள். நாங்களும் 11 நாள் வைத்திருக்கிறோம்.

எங்கள் குழுவில் நால்வர். எனக்கு 44 வயது, அக்காவுக்கு 51, அத்தானுக்கு 56. அத்தானுடன் பணியாற்றி ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் வருகிறார், அவருக்கு 63. கூடாரத்தில் படுப்பதற்கு அக்கா உடன்படவில்லை. ஒவ்வொரு நாள் நடையின் முடிவிலும் மலைவிடுதி ஒன்றில் கூரை, கட்டில், சூடான உணவு ஆகியவை கிடைக்கும் என்பதால்தான் இந்தப் பாதையையே தேர்ந்தெடுத்தோம். எங்களை இழுப்பவை ஏரிகள்: தொடக்கத்தில் பிரையெஸ், ஃபானெஸ் மேட்டுநிலத்துக்கு மேல் லிமோ, பிறகு லகட்சுவோயி, கடைசிப் பகுதியில் சிவெட்டா மலையின் தோளில் 2,143 மீட்டர் உயரத்தில் கிடக்கும் கொல்தாய்.

முன் அனுபவம் என்று சொன்னால், நானும் அத்தானும் போணக்காடு வழியாக அகத்தியர்கூடம் ஒரு முறை ஏறியிருக்கிறோம். அவ்வளவுதான். விமானச் சீட்டை இந்த வாரமே எடுத்துவிடலாமா என்று கேட்கத்தான் இந்த இழையைத் தொடங்கினேன்.

வள்ளியூரான் (இப்போது ஸ்டுட்கார்ட்):

எடுக்காதீர்கள். விமானச் சீட்டு இந்தத் திட்டத்தில் கடைசியாக வாங்க வேண்டிய பொருள்.

இந்த விடுதிகளுக்குப் பொதுவான முன்பதிவு அலுவலகம் என்று ஒன்றுமில்லை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மின்னஞ்சல் எழுதியோ, அவரவர் தளத்தில் பதிந்தோ இடம் பிடிக்க வேண்டும். சில விடுதிகள் முன்பணமும் கேட்கும். பத்து விடுதிகளில் ஒன்பது கிடைத்து, நடுவில் ஒன்று கிடைக்காமற் போனால், அந்த ஒன்றை முன்னிட்டு மற்ற ஒன்பதின் தேதிகளையும் மாற்ற வேண்டியிருக்கும், அதற்குள் அவற்றில் இரண்டு நிறைந்துவிட்டிருக்கும். நால்வர் சேர்ந்து போகும்போது இந்தச் சிக்கல் இன்னும் கூடும். மேலும், ஆகஸ்டு 15 இத்தாலியில் பெரிய விடுமுறை நாள். அதையொட்டிய இரு வாரங்களில் அந்நாட்டில் பாதிப் பேர் மலையிலும் மீதிப் பேர் கடற்கரையிலும் இருப்பார்கள் என்று எங்களுக்குள் பேசிக்கொள்வோம்.

செப்டம்பர் முதல் வாரத்துக்குத் தள்ளுங்கள். விடுதிகள் பெரும்பாலும் ஜூன் 20 ஆம் தேதியையொட்டித் திறந்து செப்டம்பர் 20 ஆம் தேதியையொட்டி மூடுகின்றன. ஜூனில் போனால் நிழல் விழும் சரிவுகளில் பழைய பனி கிடக்கும். நம் ஊர்க்கால்களுக்கு அது வேண்டாம். செப்டம்பர் தொடக்கத்தில் பகல் சற்றுக் குறுகியிருக்கும், ஓரிரு நாள் புதுப்பனியும் தூவலாம், ஆனால் கோடையைப் போல நாள்தோறும் பிற்பகலில் இடி முழங்குவது பெரும்பாலும் தணிந்திருக்கும், கட்டிலும் கிடைக்கும். விடுதிக்காரர்களுக்கு எழுதும்போது தேதி, ஆட்களின் எண்ணிக்கை, இரவுணவும் காலையுணவும் சேர்த்தா, இறைச்சி உண்ணாதவர் எத்தனை பேர் ஆகிய நான்கையும் முதல் மடலிலேயே எழுதிவிடுங்கள்.

சீவலப்பேரிச் சுடலை:

பொதிகை மலை நம் வீட்டுக் கொல்லையில் இருக்கும்போது, கட்டிலுக்கும் சூப்புக்கும் ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 60, 70 யூரோ கொட்டிக் கொடுத்து அயல்நாட்டில் நடக்க வேண்டுமா என்பதே எனக்குப் புரியவில்லை. ஏரிதான் வேண்டுமென்றால் காஷ்மீரத்தில் இல்லாத ஏரியா?

களக்காட்டு நடையன்:

சுடலை அண்ணாச்சிக்கு: உங்கள் ஆதங்கம் எனக்கும் உண்டு. ஆயினும் களக்காடு முண்டந்துறை 1988 முதல் புலிகள் காப்பகம். காரையாறுக்கு மேலே நாம் நினைத்தபோது பையைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது, முடியக் கூடாது என்றும் நான் கருதுகிறேன். அகத்தியர்கூடத்துக்குக் கேரள வனத்துறை ஆண்டுத் தொடக்கத்தில் சில வாரங்கள் அனுமதி தருகிறது. நம் பகுதியில் விடுதிக்கு விடுதி நடையை ஒத்த ஒன்று உண்டென்றால் அந்த அதிருமலை முகாமில் ஓர் இரவு படுப்பது மட்டுமே. காஷ்மீர ஏரிகளின் நடையை நான் முடித்திருக்கிறேன். விசன்சர், கங்கபால் ஆகியவற்றின் அழகுக்கு ஈடு சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே கணவாய்கள் 4,000 மீட்டரைத் தாண்டுகின்றன, இரவுகள் அனைத்தும் கூடாரத்தில்தான். இழையைத் தொடங்கியவரின் அக்கா அதற்கு உடன்படவில்லை என்று முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறாரே.

அம்பைக்காரி:

தம்பி, நான் இந்தப் பாதையின் வடபாதியை இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஜூலை மாதத்தில் நடந்தேன். அப்போது எனக்கு 48 வயது. உங்கள் 11 நாள் திட்டத்தைப் படித்தபோது, கிலோமீட்டரை மட்டும் கணக்கிட்டு ஏற்ற இறக்கத்தைக் கணக்கில் கொள்ளாமல் விட்டிருக்கிறீர்கள் என்று தோன்றியது. நானும் முதலில் அப்படித்தான் போட்டேன். பாளையங்கோட்டையிலிருந்து சேரன்மகாதேவிக்கு நடப்பதைப் போல இங்கே தூரத்தை வைத்து நேரத்தைச் சொல்ல முடியாது. மணிக்கு 300 மீட்டர் உயரம் ஏறலாம் என்று வைத்துக்கொண்டு கூட்டிப் பாருங்கள்; அதன்மேல் இறக்கத்துக்கும் தனியாக நேரம் சேருங்கள்.

முதல் நாள் பிரையெஸ் ஏரி ஏறத்தாழ 1,494 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து 2,388 மீட்டரிலுள்ள கணவாய்க்கு ஏறி, அதற்குச் சற்றுக் கீழே 2,327 மீட்டரிலுள்ள பியெல்லா விடுதியை அடைய வேண்டும். விமானத்திலிருந்து இறங்கிய மறுநாளே கிட்டத்தட்ட 900 மீட்டர் ஏற்றம். இது கடினமானது, ஆனால் ஏமாற்றாதது; ஏறுகிறோம் என்று தெரிந்தே ஏறுகிறோம். அன்று காலை ஏரியருகே கூட்டம் நெரியும். கோடையில் அந்தப் பள்ளத்தாக்குக்குள் வண்டிகளைக் கட்டுப்படுத்துகிறார்கள், ஆகவே பேருந்துக்கும் முன்கூட்டியே பதிந்துகொள்ளுங்கள். ஏரிக்கரையைவிட்டு அரை மணி நேரம் ஏறிவிட்டால் கூட்டம் கரைந்துவிடும்.

ஏமாற்றுவது இரண்டாம் நாள். காலையில் சென்னெஸ், ஃபொதாரா வெத்லா என்று புல்வெளி வழியே மெல்ல இறங்கும்போது உலகமே நம்முடையது போலிருக்கும். அதன் பிறகு பெதெரு வரை ஏறத்தாழ 420 மீட்டர், பழைய இராணுவச் சாலை ஒன்று செங்குத்தாக மடிந்து மடிந்து இறங்குகிறது. சரளைக்கல் காலடியில் உருளும். அங்கேதான் என் வலது முழங்கால் முதலில் பேசத் தொடங்கியது. 1,548 மீட்டருக்கு இறங்கிய பிறகு, அன்று மாலையே மீண்டும் 2,060 மீட்டரிலுள்ள ஃபானெஸ் விடுதிக்கு ஏற வேண்டும்.

ஃபானெஸில் இரண்டு இரவு தங்குங்கள் என்பதே இந்த இழையில் நான் வலியுறுத்தும் ஒன்று. பையை வைத்துவிட்டு வெறுங்கையோடு லிமோ ஏரிக்கு ஏறலாம். அருகிலுள்ள லவரெல்லா விடுதிப் பக்கமும் பச்சை நிறச் சிறு ஏரி ஒன்று இருக்கிறது. மர்மோட் என்ற கொழுத்த மலை அணில்கள் பாறைமேல் நின்று சீழ்க்கையடிக்கும். அங்குள்ளவர்கள் தமக்குள் லதீன் மொழி பேசுகிறார்கள். ஏறத்தாழ 30,000 பேர் மட்டுமே பேசும் ஒரு மொழியில் வழிப்பலகையும் பள்ளிப்பாடமும் இருப்பதைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது. இது நடையோடு தொடர்பில்லாத செய்திதான், ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான்காம் நாளுக்கு வருகிறேன். ஃபானெஸிலிருந்து லகட்சுவோயி வரையிலான நாள்தான் இப்பாதையின் வடபாதியில் மிகவும் கடினமானது. ஃபோர்செல்லா தெல் லாகோ என்ற 2,486 மீட்டர் உயர இடைவெளியை ஏறிக் கடந்து, சுவர் போன்ற சரிவில் 300 மீட்டர் இறங்கி, லகட்சுவோயி ஏரியை அடைந்து, அங்கிருந்து 2,752 மீட்டரிலுள்ள விடுதிக்கு மீண்டும் 570 மீட்டர் ஏற வேண்டும். எல்லா ஏற்றங்களையும் கூட்டினால் 1,100 மீட்டருக்குக் குறையாது. அன்று நான் செய்த தவற்றையும் சொல்லிவிடுகிறேன். லிமோ ஏரியில் மலை தலைகீழாகத் தெரிவதைப் படமெடுத்துக்கொண்டிருந்து, ஒன்பதரை மணிக்குத்தான் அங்கிருந்து புறப்பட்டேன். ஒரு மணிக்கு இடைவெளியில் நிற்கும்போது மேற்கே வானம் மைக்கூடு போலக் கறுத்தது. இறங்கத் தொடங்கிய பத்து நிமிடத்தில் ஆலங்கட்டி விழுந்தது. ஊன்றுகோல்களை எறிந்துவிட்டு, பாறையை ஒட்டிக் குந்தியிருந்த முக்கால் மணி நேரத்தில் சொரிமுத்து ஐயனாருக்கு நான் நேர்ந்துகொண்டவற்றை இன்னும் முழுதாகச் செலுத்தி முடிக்கவில்லை. விடுதியை அடைந்தபோது மணி ஆறே முக்கால், இரவுணவு தொடங்கிவிட்டிருந்தது.

ஆகவே அன்று காலை ஏழு மணிக்குக் கிளம்புங்கள். ஏரியை அடையும்போது மணி ஒன்றைத் தாண்டிவிட்டாலோ, எவருக்கேனும் கால் ஒத்துழைக்கவில்லை என்றாலோ, மேலே ஏறாமல் 1,985 மீட்டரிலுள்ள ஸ்கொத்தோனி விடுதிப் பக்கம் இறங்கிவிடலாம். அந்த வழி உண்டு என்பது அன்று எனக்குத் தெரியாது.

பொருநைக்கரையான்:

அம்பை அக்காவுக்கு நன்றி. உண்மையைச் சொன்னால் படித்த அன்று சற்று மனம் வாடியது. இரவே உட்கார்ந்து, நீங்கள் சொன்ன கணக்கில் ஒவ்வொரு நாளையும் மீண்டும் கூட்டினேன். என் பழைய திட்டத்தில் இரண்டு நாட்கள் பத்து மணி நேரத்தைத் தாண்டுகின்றன. போதாததற்கு, தென்கோடியில் ஸ்கியாரா மலையைக் கடக்கும் பகுதியில் இரும்புக் கம்பியும் ஏணியும் பிடித்து இறங்க வேண்டும் என்பதையும், அதற்கு இடுப்புப் பட்டையும் தலைக்கவசமும் தேவை என்பதையும் இப்போதுதான் கவனித்தேன். அந்தப் பகுதியை விட்டுவிடுகிறோம். ஆனால் கொல்தாய் ஏரியை விட மனம் வரவில்லை. அந்த ஏரியின் படத்தைப் பார்த்துத்தான் அக்கா இந்தப் பயணத்துக்கே ஒப்புக்கொண்டார்.

ஓய்வுபெற்ற சாக்பீஸ்:

இந்த இழையில் 63 வயது என்று குறிப்பிடப்பட்டவன் நான்தான். என் பொருட்டு எதையும் குறைக்க வேண்டாம். 36 ஆண்டுகள் நின்றுகொண்டே பாடம் நடத்திய கால்கள் இவை. இப்போதும் வைகறையில் வண்ணாரப்பேட்டையிலிருந்து குறுக்குத்துறை வரை நடந்து ஆற்றில் குளித்துவிட்டுத் திரும்புகிறேன்.

ஒரே ஓர் ஐயம். அந்த ஏரிகளில் குளிக்கலாமா?

அம்பைக்காரி:

ஐயா, வணக்கம். குளிப்பதைத் தடுக்கும் பலகை உள்ள இடத்தில் கட்டாயம் கூடாது. அவை பெரும்பாலும் காப்புப் பூங்காவுக்குள் இருக்கும் சிறு நீர்நிலைகள். ஆறு போல ஓடித் தெளிபவை அல்ல. நீரோ, குற்றாலத்துச் சாரலை வெந்நீர் என்று சொல்லவைக்கும். முழங்கால் வரை காலை வைத்து ஒன்று முதல் இருபது வரை எண்ண முடிந்தால் எழுதுங்கள்.

குடிநீர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தாமிரபரணிக்காரர்கள் மலை என்றால் ஓடை இருக்கும் என்று நம்பிவிடுவோம். அந்தப் பாறை மழைநீரை உள்வாங்கி அடியில் கொண்டுபோய்விடுகிறது. மேட்டில் மணிக்கணக்காக நடந்தும் ஒரு சுனையைக்கூடப் பார்க்காத நாள் உண்டு. சில விடுதிகளிலேயே குழாய் நீர் குடிக்கத்தக்கதல்ல என்று எழுதியிருக்கும். ஆளுக்கு 2 லிட்டர் சுமந்தே ஆக வேண்டும்.

தென்காசி இயன்முறையாளர்:

ஆசிரியர் ஐயாவின் கால்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆற்றங்கரை நடை என்பது சமதளம். திருநெல்வேலி நகரமே கடல்மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள்தான் இருக்கிறது. ஏறுவதற்கு வேண்டிய மூச்சை இரண்டு மாதத்தில் வளர்த்துக்கொள்ளலாம். இறங்குவதற்கு வேண்டிய தொடைத் தசையை வளர்ப்பதுதான் கடினம். ஏனெனில் இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடலின் பாரத்தைத் தாங்குகிறது, அவ்வாறு வேலை செய்து பழகாத தசை அன்று ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, அடுத்த இரண்டு நாளில் படி இறங்க முடியாதபடி வலிக்கும். தொடர்நடையில் அந்த இரண்டு நாளும் மலைமேல்தான் வரும்.

பண்பொழி திருமலைக் குமாரசுவாமி கோயிலுக்குப் படிக்கட்டு வழியே ஏறி, படிக்கட்டு வழியே இறங்குங்கள். வண்டிப் பாதையில் திரும்பிவிடாதீர்கள். முதல் வாரம் வெறும் பையோடு ஒரு முறை; மூன்றாம் மாதத்தில் 7 கிலோ எடையோடு, ஒரே காலையில் மூன்று நான்கு முறை. கல்லும் வேரும் நிறைந்த தரைக்கு, சனிக்கிழமைகளில் திருக்குறுங்குடி மலைநம்பி கோயிலுக்குச் செல்லும் வழி நன்று. ஜீப்பில் போகிறவர்கள் போகட்டும், நீங்கள் சோதனைச்சாவடியில் கேட்டுக்கொண்டு நடந்தே போய்வாருங்கள். வீட்டில் நாள்தோறும் ஓர் அடி உயரப் பலகையிலிருந்து ஒற்றைக் காலில் மெதுவாக இறங்கும் பயிற்சி, காலுக்குப் பதினைந்து. இரண்டு ஊன்றுகோல்களையும் இங்கேயே பழகுங்கள். காலணியைக் கடைசி வாரத்தில் வாங்கினால் ஃபானெஸில் கொப்புளத்துக்கு மருந்து தேட வேண்டியதாகிவிடும்.

முழங்காலில் பழைய வீக்கமோ, மூட்டுப் பூட்டிக்கொள்ளும் தொல்லையோ உள்ளவர் எவரேனும் இருந்தால் எழுதுங்கள். 60 வயதைக் கடந்தவர் புறப்படுமுன் இதயப் பரிசோதனையும் செய்துகொள்வது முறை.

பொருநைக்கரையான்:

அத்தானுக்கு இடது முழங்காலில் பழைய அடி ஒன்று உண்டு. அதைப் பற்றி எழுதக் கூடாது என்று சொல்லியிருந்தார். எழுதிவிட்டேன்.

வள்ளியூரான்:

அப்படியானால் தயக்கமே வேண்டாம், திட்டத்தைப் பாதியாக்குங்கள். கொல்தாய்க்கு வேறு வழி இருக்கிறது. ஜாவ் கணவாயில் நடையை முடித்துக்கொண்டு, பேருந்து மாறி அல்லெகே ஊருக்குப் போய்விடுங்கள். அந்த ஊரின் ஏரியே ஒரு கதை: 1771 ஜனவரியில் மலைச்சரிவு ஒன்று ஆற்றை அடைத்ததால் உண்டானது, ஊர்கள் சில அதில் புதைந்தன. அங்கிருந்து கம்பிவட வண்டியில் கோல் தேய் பால்தி வரை ஏறி, பிறகு சுமார் ஒன்றரை மணி நேரம் நடந்தால் கொல்தாய் விடுதியும், அதற்கு மேலே ஏரியும் வந்துவிடும். சுமையில்லாமல் போய் மாலைக்குள் திரும்பலாம். அக்கா கேட்டது ஏரியைத்தானே? கம்பிவட வண்டி செப்டம்பரில் எந்தத் தேதிவரை ஓடும் என்பதை மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

லகட்சுவோயி விடுதியிலிருந்து 2,105 மீட்டரிலுள்ள ஃபல்சாரெகோ கணவாய்க்கும் கம்பிவட வண்டி உண்டு. முதல் உலகப்போரில் இத்தாலியரும் ஆஸ்திரியரும் அந்த மலையைக் குடைந்து ஒருவருக்கொருவர் அடியில் வெடி வைத்தார்கள். அந்தச் சுரங்கத்தின் வழியே தலைவிளக்கு மாட்டிக்கொண்டு இறங்கலாம், நான் இறங்கியிருக்கிறேன். ஈரப்படிகள் முடிவில்லாமல் நீளும். நீங்களும் ஆசிரியரும் சுரங்கத்தில் இறங்குங்கள், அக்காவும் அத்தானும் வண்டியில் இறங்கட்டும்.

விசா பற்றி: இத்தாலி உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்கு முன்னதாகக் கொடுத்தே தீர வேண்டும். அந்தக் கடைசி நாள்வரை காத்திருப்பவர் நம்மூரிலேயே இருந்துவிடுவார். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். அதில் மலைநடையும் ஹெலிகாப்டர் மீட்பும் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், ஏனெனில் விசாவுக்குப் போதுமான காப்பீடு மலைக்குப் போதுமானதாக இருப்பதில்லை. ஒவ்வோர் இரவுக்கும் தங்குமிடச் சான்று கேட்பார்கள். விடுதிகள் அனுப்பும் உறுதி மடல்களைத் தேதி வரிசையில் அச்சிட்டு வையுங்கள். என் உறவினர் ஒருவருக்கு, ஒரு முகவர் பொய்யான ஓட்டல் பதிவுகளைச் செருகி விண்ணப்பத்தைக் கெடுத்த கதை எங்கள் வீட்டில் நடந்தது. நீங்களே செய்யுங்கள். கைரேகை கொடுக்க நால்வரும் ஒரே நாளில் சென்னை போய்வரும்படி நேரம் வாங்கினால் நெல்லை எக்ஸ்பிரஸில் ஓரிரவில் போய் மறு இரவில் திரும்பிவிடலாம்.

சீவலப்பேரிச் சுடலை:

நான் இன்னும் பொதிகைக் கட்சிதான். இருந்தாலும் ஒரு கேள்வி: பத்து நாள் பாஸ்தாவைத் தின்று உயிர் பிழைக்க முடியுமா?

அம்பைக்காரி:

முடியும் அண்ணாச்சி. பாஸ்தா, மக்காச்சோளமாவுக் களி, பாலாடைக்கட்டி, முட்டை, காய்கறிச் சூப்பு இவை எங்கும் கிடைத்தன. கனெதெர்லி என்ற ரொட்டி உருண்டையில் பெரும்பாலும் பன்றியிறைச்சித் துண்டு கலந்திருக்கும், கேட்டுவிட்டு உண்ணுங்கள். நான் பருப்புப்பொடியும் கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் கொண்டுபோனேன். கடலைமிட்டாயைவிடச் சிறந்த வழியுணவு அந்த மலையில் எவர் பையிலும் இல்லை. பால் பொருள்களையும் இறைச்சியையும் அங்கே உள்ளே கொண்டுபோக விடுவதில்லை. அல்வா எடுக்க வேண்டாம்; நெய் கசிந்தால் தூங்கும் உறையெல்லாம் மணக்கும், கூட்டு அறையில் இருபது பேர் உங்களையே பார்ப்பார்கள்.

தூங்கும் உறை என்றதும் நினைவு வருகிறது. கம்பளி அவர்கள் தருவார்கள், அதற்குள் விரித்துக்கொள்ளும் மெல்லிய பருத்தி உறையை நாம் கொண்டுபோக வேண்டும். காதடைப்பான் கட்டாயம். இரவு பத்துக்கு விளக்கணைத்துவிடுவார்கள். ரொக்கமும் கையில் இருக்கட்டும்.

பொருநைக்கரையான்:

கடந்த இரண்டு வாரமாக விடுதிகளுக்கு எழுதிக்கொண்டிருந்தேன். இன்றைய நிலை இது. லகட்சுவோயியில் நாங்கள் கேட்ட செப்டம்பர் 5 ஆம் தேதி நால்வருக்கு இடமில்லை, 6 ஆம் தேதி கூட்டு அறையில் நான்கு கட்டில் இருக்கிறது. ஆகவே அந்த ஒரு தேதியை ஆணியாக அடித்துவிட்டு, மற்றவற்றை அதிலிருந்து பின்னோக்கி எண்ணினேன். 3 ஆம் தேதி பியெல்லா, 4, 5 ஃபானெஸ், 6 லகட்சுவோயி, 7 நுவோலாவ் மலைமேட்டிலுள்ள விடுதி. 1883 இல் திறக்கப்பட்ட பழைய விடுதி அது என்பதால் ஆசிரியர் அங்கேதான் தங்க வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறார். 8 ஆம் தேதி ஜாவ் கணவாய்க்கு இறங்கி அல்லெகே. 9 ஆம் தேதி கொல்தாய் ஏரி. 10 ஆம் தேதி மழைக்காக வைத்திருக்கும் வெற்று நாள். பியெல்லாவைத் தவிர எல்லாவற்றிலிருந்தும் உறுதி மடல் வந்துவிட்டது. விமானச் சீட்டை இன்னும் எடுக்கவில்லை.

இரண்டாம் நாளின் பெதெரு இறக்கத்தை அத்தான் நடக்கப் போவதில்லை என்பதையும் முடிவுசெய்துவிட்டோம். ஃபொதாரா வெத்லாவிலிருந்து ஜீப் கிடைக்குமா என்று அந்த விடுதிக்கே எழுதியிருக்கிறேன். அதற்கு அவர் ஒப்புக்கொள்ள நான்கு நாள் பிடித்தது.

வரும் சனிக்கிழமை காலை ஆறு மணிக்குத் திருக்குறுங்குடி சோதனைச்சாவடியில் நால்வரும் 5 கிலோ பையோடு நிற்போம். களக்காட்டு அண்ணன் வருவதாகச் சொல்லியிருக்கிறார். சுடலை அண்ணாச்சியும் வந்தால் மகிழ்ச்சி. அது பொதிகைக் கட்சியின் மலைதான்.

சீவலப்பேரிச் சுடலை:

வருகிறேன். ஆறு மணி என்றால் ஆறு மணிக்கே வந்துவிடுங்கள், வெயில் ஏறிவிடும்.